ஈர் பொரிக்க எத்தனை நாள்?

கேள்வி: வணக்கம் டாக்டர். நாங்கள் பெரம்பூரில் இருக்கிறோம். பெரியவள் ஆறாவது, சின்னவள் இரண்டாவது படிக்கிறார்கள். ஜூனில் ஸ்கூல் திறந்ததிலிருந்து இரண்டு பேர் தலையிலும் பேன். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு இதுவரை மூன்று விதமான மருந்து வாங்கிப் போட்டுவிட்டேன். போட்டால் நாலைந்து நாள் நன்றாக இருக்கிறது, அப்புறம் மறுபடியும் ஆரம்பித்துவிடுகிறது. பெரியவளை வகுப்பில் 'பேன் தலை' என்று கூப்பிடுகிறார்களாம், மிஸ் அவளைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்துவிட்டார். மாமியார் சீத்தாப்பழக் கொட்டையை அரைத்துத் தடவச் சொல்கிறார். கணவர் இரண்டு பேருக்கும் மொட்டை போட்டுவிடலாம் என்கிறார். நாத்தனார் வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு வந்திருக்கிறார், அவருக்கும் ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது? இப்போது எனக்கே தலை அரிக்கிற மாதிரி இருக்கிறது. ஒரு வழி சொல்லுங்கள். பெயர் போட வேண்டாம்.

பதில்: முதல் வேலையாக அந்தச் சீத்தாப்பழக் கொட்டையைக் குப்பையில் போட்டுவிடுங்கள். மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம், இது மட்டும் படித்த கையோடு செய்ய வேண்டியது. ஏற்கெனவே அரைத்து வைத்திருந்தால் பொடியையும் சேர்த்துக் கொட்டிவிட்டு, கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கழுவி முடிக்கும்வரை கண் பக்கம் கையைக் கொண்டுபோகாதீர்கள்.

உங்கள் மாமியார் சொல்வது கட்டுக்கதை இல்லை. சீத்தாப்பழ விதையில் பூச்சியைக் கொல்லும் சரக்கு உண்மையாகவே இருக்கிறது, அசிட்டோஜெனின் என்று பெயர். அவருடைய சின்ன வயதில் யாராவது அதைத் தலையில் போட்டுப் பேன் கொத்துக்கொத்தாகச் செத்து விழுந்ததைக் கண்ணாலேயே பார்த்திருப்பார். ஆனால் அதே சரக்கு கண்ணுக்குள் போனால் கருவிழியின் மேல்தோலையே உரித்துவிடும். தடவி ஊறவைத்த தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது அது நெற்றி வழியாகத்தான் இறங்கும், குழந்தை எவ்வளவு இறுக்கிக் கண்ணை மூடினாலும் ஒரு சொட்டு உள்ளே போய்விடும். நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது ஒரு ஒன்பது வயதுப் பெண்ணை ராத்திரி பதினோரு மணிக்குத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்கள். இரண்டு கண்ணும் வீங்கி, அம்மாவின் புடவைத் தலைப்பை முகத்தில் அழுத்திக்கொண்டு, லைட்டை அணையுங்கள் என்று கத்துகிறாள். கண் டாக்டர் வந்து மரத்துப்போவதற்கு சொட்டு விட்ட பிறகுதான் இமையைத் திறந்து பார்க்கவே முடிந்தது. நல்லவேளை, கருவிழியில் தழும்பு விழாமல் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. பேன் எல்லாம் செத்துப்போயிருந்தது, அது வேறு விஷயம். எங்கேயாவது இப்படிக் கண்ணில் பட்டுவிட்டால் 15 நிமிடமாவது குழாய்த் தண்ணீரில் விடாமல் கழுவிவிட்டு நேரே கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இதே வரிசையில் இன்னும் சில இருக்கின்றன. மண்ணெண்ணெய், கேட்கவே வேண்டாம், தோலும் வெந்துபோகும், பக்கத்தில் அடுப்பு எரிந்தால் தலையும் எரியும். தேங்காய் எண்ணெயில் கற்பூரம் கரைத்துத் தடவுவது பார்ப்பதற்கு சாதுவாக இருக்கும், ஆனால் சின்னக் குழந்தை அதில் கொஞ்சம் விழுங்கிவிட்டால் வலிப்பு வரும். அந்துருண்டை, கரப்பானுக்குப் போடும் சாக்பீஸ், கொசு மருந்து ஸ்ப்ரே, இவற்றையெல்லாம் குழந்தை தலையில் போட்டுவிட்டு வந்து 'லேசாகத்தான் டாக்டர் போட்டேன்' என்று சொல்பவர்கள் படித்தவர்கள்தான். அலுத்துப்போன ஒரு சாயங்காலத்தில் யாருக்கும் இப்படிப் புத்தி போகும், திட்டுவதற்காகச் சொல்லவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். ஜூனில் ஸ்கூல் திறந்ததிலிருந்து என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் ஸ்கூலில்தான் ஒட்டியது என்று நீங்களும் முடிவு செய்துவிட்டீர்கள், மிஸ்ஸும் உங்கள் மகள்தான் கொண்டுவந்தாள் என்று முடிவு செய்துவிட்டார். எனக்கு மே மாதத்தின் மேல்தான் சந்தேகம். முதல் தடவையாகப் பேன் ஏறிய தலையில் அரிப்பு தொடங்கவே 4 முதல் 6 வாரம் பிடிக்கும். பேன் கடிப்பது நமக்கு வலிக்காது, அது ரத்தம் உறிஞ்சும்போது விடுகிற எச்சில் நம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போவதுதான் அரிப்பு, அந்த ஒவ்வாமை உருவாக அத்தனை நாள் ஆகிறது. ஆக, ஜூன் முதல் வாரத்தில் சொறிய ஆரம்பித்த குழந்தைக்குப் பேன் ஏறியது லீவில்தான் இருக்க வேண்டும். லீவில் சென்னையில் நடப்பது என்ன? கத்திரி வெயில், வீட்டில் ஏ.சி. இருப்பது ஒரே ஒரு ரூமில், அத்தை பிள்ளை, பெரியப்பா பிள்ளை எல்லோரும் தரையில் வரிசையாகப் பாயைப் போட்டுத் தலையோடு தலை இடித்துக்கொண்டு படுக்கிறார்கள். பகலில் ஒரு மொபைலுக்கு நாலு தலை. பேனுக்கு இதைவிட நல்ல திருவிழா கிடையாது.

ஏனென்றால் பேனுக்கு இறக்கை இல்லை, தாவவும் தெரியாது. 'பக்கத்தில் உட்கார்ந்தாள், தாவிடுச்சு' என்பது பொய். அதற்கு ஆறு கால், ஒவ்வொரு காலின் நுனியிலும் ஒரு கொக்கி, அந்தக் கொக்கி ஒரு முடியின் கனத்துக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும். முடியைப் பிடித்துக்கொண்டு நிமிடத்துக்கு 20 சென்டிமீட்டருக்கு மேல் கூட ஓடும், ஆனால் முடியை விட்டு இறங்கிவிட்டால் நொண்டிதான். இந்த முடியும் அந்த முடியும் தொட்டுக்கொண்டால்தான் வண்டி மாறும். தலையிலிருந்து கீழே விழுந்த பேன் ரத்தம் கிடைக்காமல் ஒன்றிரண்டு நாளில் செத்துவிடும். அதனால்தான் சோபா, ஸ்கூல் வேன் சீட்டு, நாற்காலி என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட வேண்டாம் என்று சொல்கிறேன். அப்புறம் அழுக்குத் தலையில்தான் வரும் என்பதும் இல்லை, தினம் தலைக்குக் குளிக்கிற தலையிலும் வரும், எண்ணெய் வழிய வழிய இரட்டைப் பின்னல் போட்ட தலையிலும் வரும்.

இப்போது நீங்கள் உண்மையில் கேட்ட கேள்வி: போட்டால் போகிறது, அப்புறம் ஏன் வருகிறது? கடைக்காரர் மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்திருக்கிறார், கணக்கை யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு பெண் பேன் ஒரு நாளைக்கு ஆறிலிருந்து பத்து ஈர் வரை வைக்கும், தலைத்தோலை ஒட்டி, கால் சென்டிமீட்டர் அரை சென்டிமீட்டர் தூரத்தில், முடியில் பசை போட்டு. அந்த ஈர் பொரிக்க ஒரு வாரத்திலிருந்து பத்து நாள். பொரித்த குஞ்சு வளர்ந்து தானும் ஈர் வைக்கத் தயாராக இன்னும் ஒரு ஒன்பது பத்து நாள். நாம் போடும் பெரும்பாலான மருந்து ஓடுகிற பேனைக் கொல்லும், ஈருக்குள் இருப்பதை முழுசாகக் கொல்லாது. நீங்கள் சனிக்கிழமை மருந்து போட்டீர்கள், பெரிய பேன் எல்லாம் செத்தது, வீடே நிம்மதி. புதன்கிழமை பழைய ஈர் பொரித்துக் குஞ்சு வெளியே வருகிறது, நீங்கள் 'மறுபடியும் ஸ்கூலிலிருந்து கொண்டுவந்துவிட்டாள்' என்கிறீர்கள். யாரும் கொண்டுவரவில்லை, அது அங்கேயே இருந்தது.

ஆகவே இரண்டாவது தடவை எப்போது போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மூன்றாம் நாளே பதறிப்போய் மறுபடி போட்டால் ஈர் இன்னும் பொரித்திருக்காது, மருந்து வீண். மூன்று வாரம் கழித்துப் போட்டால் குஞ்செல்லாம் பாட்டியாகியிருக்கும். முதல் தடவை போட்ட நாளை 1 என்று வைத்துக்கொண்டு 9ஆம் நாள் மறுபடி போடுங்கள். அதற்குள் பழைய ஈரில் ஏறக்குறைய எல்லாம் பொரித்திருக்கும், புதிதாக வந்த எதுவும் ஈர் வைக்கிற வயசுக்கு வந்திருக்காது.

எந்த மருந்து? வீட்டில் இருக்கிற மூன்று பாட்டிலையும் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பெர்மெத்ரின் 1% என்று எந்த பாட்டிலில் போட்டிருக்கிறதோ அது போதும், நாலாவது வாங்க வேண்டாம். (5% என்று இருப்பது சொறி சிரங்குக்கு உடம்பில் போடுவது, அதைத் தலைக்கு எடுக்காதீர்கள்.) காமா பென்சீன் ஹெக்சாகுளோரைடு அல்லது லிண்டேன் என்று இருந்தால் அதையும் கொட்டைப் பொடி போன வழியிலேயே அனுப்பிவிடுங்கள். நரம்பைப் பாதிக்கும், குழந்தைகளுக்கு வலிப்பு வந்திருக்கிறது, 2009இல் உலக நாடுகள் போட்ட ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் நச்சுப் பட்டியலில் ஏறிய சரக்கு அது.

பெர்மெத்ரினைப் போடுகிற விதத்திலும் நம் வீடுகளில் ஒரு தப்பு நடக்கும். எண்ணெய்த் தலையில் போடுவார்கள், இல்லையென்றால் கண்டிஷனர் போட்டுக் குளித்த தலையில். இரண்டிலும் மருந்து முடியில் ஒட்டாது. சாதாரண ஷாம்பு போட்டு அலசி, டவலால் ஒற்றி எடுத்து, ஈரப்பதமாக இருக்கும்போது மருந்தைத் தலைத்தோலிலிருந்து நுனிவரை நனைகிற அளவுக்கு ஊற்ற வேண்டும், காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் தாராளமாக. இடுப்புவரை முடி இருக்கிற பெண்ணுக்கு ஒரே சின்ன பாட்டில் பத்தவே பத்தாது, பாதிப் பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். கடிகாரத்தைப் பார்த்து 10 நிமிடம், அப்புறம் அலசல், கண்ணுக்கு ஒரு டவலை மடித்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அடுத்த இரண்டு நாள் ஷாம்பு, சீயக்காய் எதுவும் வேண்டாம். எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை தலையைப் பாருங்கள்: பேன் தள்ளாடித் தள்ளாடி நடந்தால் மருந்து வேலை செய்கிறது, விட்டுவிடுங்கள், மறுபடி ஊற்ற வேண்டாம். முன்னே மாதிரியே சுறுசுறுப்பாக ஓடினால் அந்தப் பேனுக்கு இந்த மருந்து பழகிவிட்டது என்று அர்த்தம். உலகம் முழுக்கவே பல ஊர்களில் பெர்மெத்ரினுக்குப் பேன் மசிவதில்லை. அப்போது டாக்டரிடம் வாருங்கள், டைமெத்திகோன் லோஷன் இருக்கிறது, ஐவர்மெக்டின் மாத்திரை இருக்கிறது. அந்த மாத்திரையை மட்டும் கடையில் கேட்டு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அது கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் என்று எடை பார்த்துக் கொடுப்பது, 30 கிலோ குழந்தைக்கு 6 மில்லிகிராம்தான், கடையில் சட்டென்று கைக்கு வருவதோ 12. எடை 15 கிலோவுக்குக் கீழே இருந்தால் கொடுக்கவே கூடாது, கர்ப்பிணிக்கும் கூடாது.

மருந்தைப் பற்றி இவ்வளவு பேசினாலும் நான் நம்புவது சீப்பைத்தான். இஸ்ரேலில் லாகிஷ் என்ற பழைய ஊரில் கிடைத்த ஒரு யானைத் தந்தச் சீப்பில் சின்னச் சின்ன எழுத்தில் ஒரு வாக்கியம் செதுக்கியிருப்பதை 2022இல் படித்துச் சொன்னார்கள், கிட்டத்தட்ட 3700 வருஷத்துக்கு முந்தையது. முடியிலும் தாடியிலும் இருக்கிற பேனை இந்தத் தந்தம் வேரோடு பிடுங்கட்டும் என்பதுதான் அதில் எழுதியிருப்பது. அகரவரிசை எழுத்து கைக்கு வந்த புதிதிலேயே மனுஷன் பேனைப் பற்றித்தான் புலம்பியிருக்கிறான்.

உங்கள் மாமியாருக்கு இங்கேதான் வேலை இருக்கிறது. சீத்தாப்பழக் கொட்டை வேண்டாம் என்று மட்டும் சொன்னால் அவர் மனசு சங்கடப்படும், பேன் வாருகிற பொறுப்பை அவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். அந்தக் கையில் இருக்கிற பொறுமை நம் தலைமுறைக்குக் கிடையாது. இரும்புப் பல் வைத்த பேன் சீப்பு ஒன்று வாங்குங்கள், பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே 0.3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் கோடு கோடாகத்தான் தெரிய வேண்டும். பிளாஸ்டிக் சீப்பு வளைந்துகொடுக்கும், ஈர் அதன் நடுவே சுகமாகப் போய்விடும்.

காய்ந்த தலையில் வாரினால் பேன் சீப்பைக் கண்டு ஓடிவிடும். தலையை நனைத்து, கை நிறைய கண்டிஷனர் எடுத்துப் பூசுங்கள் (மருந்து போடுகிற நாளில் மட்டும் கண்டிஷனர் இல்லாமல், அலசின ஈரத்திலேயே). கண்டிஷனர் இல்லையென்றால் நல்லெண்ணெய். அந்த வழவழப்பில் பேனால் கொக்கியைப் போட்டுப் பிடிக்க முடியாது, கொஞ்ச நேரம் அப்படியே அசையாமல் கிடக்கும். முதலில் சாதாரண சீப்பால் சிக்கெடுத்துவிட்டு, முடியை நாலாகப் பிரித்து கிளிப் போட்டு, ஒரு பகுதியை மட்டும் அவிழ்த்து, பேன் சீப்பைத் தலைத்தோலில் படுகிற மாதிரி வைத்து நுனிவரை ஒரே இழுப்பு. ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வெள்ளை டிஷ்யூவில் துடைத்துப் பார்க்க வேண்டும். எள் மாதிரி இருப்பது வளர்ந்த பேன், கடுகில் பாதி கூட இல்லாமல் ஓடுவது குஞ்சு. பிடரியில் ஆரம்பிப்பது நல்லது, அங்கேதான் கூட்டம் அதிகம். நீள முடிக்கு முக்கால் மணி நேரம் ஆகும், டி.வி.யைப் போட்டுவிடுங்கள்.

ஈர் எது, பொடுகு எது என்று குழப்பம் வரும். பொடுகு ஊதினால் பறக்கும், ஈர் நகத்தால் இழுத்தாலும் சுலபத்தில் வராது. அதுமட்டும் இல்லை, வெள்ளையாகப் பளிச்சென்று வெளியே தெரிகிற ஈர் பெரும்பாலும் வெறும் ஓடு. உயிருள்ளது முடி நிறத்துக்குப் பழுப்பாக, தலைத்தோலை ஒட்டிப் பதுங்கியிருக்கும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது, ஆகவே தலைத்தோலிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கிற ஈர் ஒரு மாதத்துக்கு முந்தையது, பொரித்துப் போனது அல்லது செத்துப் போனது. அதைப் பார்த்துவிட்டு 'இன்னும் இருக்கே' என்று நாலாவது பாட்டிலுக்கு ஓட வேண்டாம். ஈர் இருக்கிறது என்பதற்காக மருந்து இல்லை, ஓடுகிற பேன் இருந்தால்தான் மருந்து.

இந்தச் சனிக்கிழமை ஆரம்பிப்பதாக வைத்துக்கொண்டு காலண்டரில் வட்டம் போட்டுவிடுங்கள். சனி: மருந்து, சீப்பு. புதன்: சீப்பு. அடுத்த வாரம் ஞாயிறு, அதாவது 9ஆம் நாள்: மருந்து, சீப்பு. வியாழன்: சீப்பு. அதற்கடுத்த திங்கள், 17ஆம் நாள்: சீப்பு. கடைசி மூன்று தடவையும் டிஷ்யூவில் பேன் எதுவும் வரவில்லையென்றால் முடிந்தது. நடுவில் வளர்ந்த பேன் ஒன்று வந்தால் அது புதிதாக எங்கிருந்தோ ஏறியது, அந்த நாளை 1 என்று வைத்து மறுபடி எண்ண வேண்டியதுதான். அலுப்பான வேலைதான், மறுக்கவில்லை.

அப்புறம், உங்கள் கடிதத்தில் கடைசியில், ஏதோ போகிற போக்கில் எழுதிய மாதிரி ஒரு வரி இருந்ததே, 'எனக்கே தலை அரிக்கிற மாதிரி இருக்கிறது' என்று, நான் அதில்தான் நின்றுவிட்டேன். வாங்கிய மருந்து மூன்றும் குழந்தைகள் தலைக்குத்தான் போயிருக்கிறது. சின்னவள் ராத்திரி யார் பக்கத்தில் படுக்கிறாள்? உங்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டுதானே? வீட்டில் எல்லோர் தலையையும் அம்மா பார்ப்பாள், அம்மா தலையைப் பார்க்க ஆள் இருக்காது. என்னிடம் 'திரும்பத் திரும்ப வருகிறது' என்று வருகிற பல வீடுகளில் பேன் பத்திரமாக இருந்த இடம் அம்மாவின் கொண்டைதான். எனக்கும் அதுதான் நடந்தது. என் மகள் யு.கே.ஜி. படிக்கும்போது அவள் தலையை வாரம் வாரம் வாரிவிட்டுக் கொண்டிருந்தேன், ஒருநாள் ஓ.பி.யில் நோயாளி முன்னால் உட்கார்ந்து நானே பேனாவின் பின்பக்கத்தால் சொறிந்துகொண்டிருக்கிறேன், எதிரே இருந்த பாட்டி, 'டாக்டரம்மா, கொஞ்சம் இப்படித் திரும்புங்க' என்று என் காது மடலுக்குப் பின்னாலிருந்து ஒன்றை எடுத்து நகத்தில் வைத்து நசுக்கிவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி தன் மூட்டு வலியைச் சொல்ல ஆரம்பித்தார்.

ஆகவே சனிக்கிழமை ராத்திரி உங்கள் தலையைப் பார்க்க வேண்டியவர் உங்கள் கணவர். மொட்டை போடலாம் என்று சொல்வதற்கு ஒரு நிமிடம் போதும், ஈரத்தலையில் சீப்பு போட முக்கால் மணி நேரம் வேண்டும், அதை அவர் செய்யட்டும். அவர் தலை, மாமியார் தலை, எல்லாத் தலையும் அதே ராத்திரி சீப்புக்குக் கீழே வர வேண்டும். ஓடுகிற பேன் யார் தலையில் வந்தாலும் அவர்களுக்கும் அன்றைக்கே மருந்து. ஒரே படுக்கையில் படுக்கிறவர்களுக்குப் பேன் தென்படாவிட்டாலும் சேர்த்துப் போட்டுவிடலாம்.

நாத்தனாருக்கு முதலில் சீப்பும் கண்டிஷனரும் மட்டும், அதே ஐந்து நாள் கணக்கில். பேன் நிறைய இருந்து அதற்கு அடங்கவில்லையென்றால் அவருடைய மகப்பேறு டாக்டரிடம் கேட்டுவிட்டு பெர்மெத்ரின் போடலாம். வயிற்றில் இருக்கிற குழந்தைக்கு அவர் தலையில் இருக்கிற பேனால் ஒன்றும் ஆகாது என்று அவரிடம் சொல்லுங்கள். தலைப் பேன் நோய் எதையும் பரப்புவதில்லை. டைபஸ் காய்ச்சலைப் பரப்புவது உடம்புப் பேன், துணியில் வாழ்வது, அது வேறு ஜாதி.

வீட்டைப் புரட்டிப் போட வேண்டியதில்லை. கடைசி இரண்டு நாளில் தலை பட்ட தலையணை உறை, பெட்ஷீட், டவல் இவற்றை வெந்நீரில் துவைத்து மொட்டைமாடி வெயிலில் போடுங்கள். சீப்பு, ரிப்பன், கிளிப் எல்லாவற்றையும் கை பொறுக்காத சூட்டில் ஒரு பத்து நிமிடம் ஊறவையுங்கள். அவ்வளவுதான். நாய் பூனை இருந்தால் அவற்றை விட்டுவிடுங்கள், மனுஷப் பேன் அவற்றிடம் போகாது.

மொட்டை போட்டால் பேன் போகும், அதில் சந்தேகமே இல்லை. திருத்தணிக்கோ திருப்பதிக்கோ வேண்டுதல் இருந்து குழந்தையும் சரி என்றால் போடுங்கள். ஆனால் பதினோரு வயதுப் பெண், வகுப்பில் ஏற்கெனவே பட்டப்பெயர் வாங்கியவள், அவளுக்கு இப்போது மொட்டை போட்டால் அந்தப் பட்டப்பெயருக்கு நாமே முத்திரை குத்துகிற மாதிரி. அவளே கேட்டால் தோள்வரை வெட்டிவிடுங்கள், சீவ சுலபமாக இருக்கும். இல்லையென்றால் இரட்டைப் பின்னலைத் தொங்கவிடாமல் மடித்துக் கட்டி அனுப்புங்கள், தலையோடு தலை உரசினாலும் முடி அதிகம் சிக்காது.

சொறிந்த இடத்தில் சீழ் வைத்தாலோ, மஞ்சள் பொருக்குக் கட்டினாலோ, பிடரியில் நெறி கட்டி வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, இமை முடியில் ஈர் தெரிந்தாலோ கடை மருந்தெல்லாம் வேண்டாம், டாக்டரிடம் காட்டுங்கள். பக்கத்து மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டினாலும் போதும்.

கடைசி பெஞ்ச் விஷயம். 'ஈரைப் பேனாக்கி பேனைப் பெருமாளாக்கி' என்று நம் ஊரில் சொல்வார்கள், உங்கள் மகள் வகுப்பில் நடப்பது அதுதான். மிஸ்ஸிடம் சண்டைக்குப் போகாதீர்கள், அவருக்கும் நாற்பது பிள்ளைகளின் அம்மாக்கள் போன் செய்திருப்பார்கள். மருத்துவத்தில் இதற்கு நியாயம் கிடையாது என்பதை மட்டும் சொல்லுங்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் சரி, பிரிட்டனின் அரசு மருத்துவத் துறையும் சரி, பேன் இருக்கிறது என்பதற்காகக் குழந்தையைப் பள்ளிக்கு வராமல் நிறுத்த வேண்டாம் என்றே சொல்கின்றன. கண்டுபிடிக்கிற நேரத்தில் அந்தப் பேன் பெரும்பாலும் ஒரு மாதமாகவே அந்தத் தலையில் இருந்திருக்கும், இன்றைக்குத் தனியாக உட்கார வைத்து எதைத் தடுக்கப் போகிறோம்? வேண்டுமென்றால் இந்தக் கடிதத்தையே காட்டுங்கள்.

கூடவே வகுப்பு வாட்ஸ்ஆப் குரூப்பில் இப்படி ஒன்று போடுங்கள்: 'நம் வகுப்பில் சில பிள்ளைகளுக்குப் பேன் இருக்கிறது, என் மகளுக்கும் இருந்தது, மருந்து போட்டு வாரிக்கொண்டிருக்கிறோம். எல்லோரும் இந்தச் சனிக்கிழமை வீட்டில் ஈரத்தலையில் ஒருமுறை பேன் சீப்பு போட்டுப் பாருங்கள்.' முதல் ஐந்து நிமிடம் யாரும் பதில் போட மாட்டார்கள், உங்களுக்கு வயிற்றைக் கலக்கும். அப்புறம் தனி மெசேஜில் ஒவ்வொருவராக வருவார்கள், 'எங்க வீட்லயும்தாங்க, யார்கிட்டயும் சொல்லல' என்று. எல்லா வீட்டிலும் ஒரே ராத்திரி வாரினால்தான் வகுப்பில் சுற்றுகிற பேன் நிற்கும், ஒரு வீட்டில் மட்டும் வாரி என்ன பயன்?

மிஸ்ஸைப் பார்க்க 17ஆம் நாள் வரை காத்திருக்க வேண்டாம். சனிக்கிழமை மருந்து போட்டுவிட்டு, திங்கட்கிழமை காலையில் பெரியவளோடு நீங்களும் வகுப்புவரை போய், அவளைப் பழைய இடத்தில் உட்கார வைத்துவிட்டு வாருங்கள்.